முக்குளிப்பு வீரரின் முகமூடிக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம். 1739இல் ஏறிய கொடி அது. நடுவில் ஆங்கிலேயர் சில முறை பறித்துக்கொண்டாலும், 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் ஒரேயடியாக இறங்கியது. அந்த இடைப்பட்ட காலத்தில், நம்மூரை ஆண்டுகொண்டிருந்த அதே நாட்டில், ஒரு சுரங்கப் பொறியாளரும் ஒரு கடற்படை லெப்டினன்டும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். மனிதன் காற்றை முதுகில் சுமந்துகொண்டு கடலடியில் நடமாடும் கருவி! இன்று உலகத்துக் கடற்படை முக்குளிப்பு வீரர்கள் மாட்டிக்கொண்டு இறங்கும் முழுமுக முகமூடியின் வம்சாவளியைத் தேடிப் போனால் அங்கேதான் போய் நிற்போம். தெரியுமா உங்களுக்கு?

பொறியாளரின் பெயர் பெனுவா ருக்கெய்ரோல். லெப்டினன்டின் பெயர் ஒகுஸ்த் தெனேய்ரூஸ். ருக்கெய்ரோலின் மனத்தில் முதலில் கடலே இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக்காற்று சூழ்ந்தால் உள்ளே சிக்கியவர்களை எப்படி மீட்பது என்பதுதான் அவருடைய கவலை. மூச்சை இழுத்தால் காற்று வரும், இழுக்காவிட்டால் நிற்கும். அப்படி ஒரு வால்வை 1860 வாக்கில் அமைத்தார். அதைப் பார்த்த கடற்படைக்காரருக்குப் பொறி தட்டியது. 1864இல் கடலுக்கான வடிவம் தயார்! பிரெஞ்சுக் கடற்படையும் அதை எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த முதல் வடிவத்தில் ஒரு பெரிய குறை. வாயில் குழாய், மூக்கில் கவ்வி, சரி. கண்ணுக்கு? ஒன்றுமே இல்லை! உப்புத் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் திருத்தினார்கள்: முகம் முழுவதையும் மூடும் செம்புக் கவசம், நடுவில் கண்ணாடிச் சாளரம். மூக்குப் பக்கம் துருத்திக்கொண்டிருந்ததால் ‘பன்றி மூஞ்சி’ என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது.

இந்தக் கருவி 1867இல் பாரிஸ் பொருட்காட்சிக்குப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் ஜூல் வெர்ன் எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் நாவலில், கேப்டன் நெமோ இந்த இருவரின் பெயரையும் சொல்லித்தான் தன் முக்குளிப்பு உடையை விளக்குகிறார். அந்த நெமோ எங்கே இறங்குகிறார் தெரியுமா? நம் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில்! முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுகிறார். அந்த நெமோவே ஓர் இந்திய இளவரசர் என்று வெர்ன் பின்னொரு நாவலில் போட்டு உடைத்தார். கற்பனைதான். ஆனால் அவர் மாட்டியிருந்த கருவி கற்பனை இல்லை.

அப்புறம் 1933. இன்னொரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஈவ் லெ பிரியோர். இவர் சாதாரண ஆள் இல்லை! 1909இல் டோக்கியோவில் கிளைடர் செய்து பறந்தவர். முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து எதிரி பலூன்களை நோக்கிச் சீறும் ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர். அவர் செய்த முகமூடி நெற்றியிலிருந்து முகவாய் வரை முழு முகத்தையும் மூடியது. மார்பில் கட்டிய உருளையிலிருந்து காற்று விடாமல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அழகான ஏற்பாடு. ஆனால் மூச்சு இழுக்காத நேரத்திலும் காற்று வீணாய்ப் போகும், உருளை சீக்கிரம் காலியாகும். 1943இல் கூஸ்தோவும் கன்யானும் செய்த அக்வாலங் அந்த வீணடிப்பை நிறுத்தியது. ஆனால் முகமூடியைப் பாதியாக்கிவிட்டது! கண்ணும் மூக்கும் மட்டும் உள்ளே, வாய் வெளியே, பல்லுக்கு நடுவே ரப்பர்க் கடி. இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் போடுவது இதைத்தான்.

அது வசதிதானே, பின் ராணுவத்துக்கு மட்டும் ஏன் முழுமுகம்?

இங்கேதான் கதை பிடித்துக்கொள்கிறது. நாம் உயிர்வாழ வேண்டிய ஆக்ஸிஜனே ஆழத்தில் விஷமாகும், தெரியுமா? ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். சுத்த ஆக்ஸிஜனை மட்டும் சுவாசித்துக்கொண்டு ஏழெட்டு மீட்டருக்குக் கீழே போனாலே ஆபத்து நெருங்கிவிடும். உதடு துடிக்கும், காது இரையும், திடீரென்று வலிப்பு வெட்டும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது.

அப்படியானால் சுத்த ஆக்ஸிஜனை ஏன் தொட வேண்டும்? குமிழி! சாதாரணக் கருவியில் விடும் ஒவ்வொரு மூச்சும் மேலே குமிழியாய்க் கொப்பளித்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக்ஸிஜன் கருவியில் மூச்சு ஒரு பைக்குள்ளேயே சுற்றும். சோடா சுண்ணம் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஒரு குமிழிகூட வராது. 1941 டிசம்பர் 18 இரவு, ஆறே ஆறு இத்தாலிய வீரர்கள் இப்படித்தான் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் புகுந்தார்கள். விடிந்தபோது பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், குயின் எலிசபெத்தும் வேலியன்டும், துறைமுகத் தரையில் உட்கார்ந்துவிட்டன!

பிரிட்டன் சும்மா இருக்குமா? தன் வீரர்களையும் ஆக்ஸிஜனோடு இறக்க முடிவு செய்தது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் தாங்கும்? 1942இல் கென்னத் டொனால்ட் என்ற கடற்படை மருத்துவரிடம் வேலை வந்தது. 2000க்கும் மேற்பட்ட சோதனை முக்குளிப்புகள். உடம்பைக் கொடுத்தவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்த வீரர்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. ஒருவர் தாங்குவதை இன்னொருவர் தாங்குவதில்லை. அது போகட்டும், ஒரே ஆள் திங்கட்கிழமை தாங்கியதைப் புதன்கிழமை தாங்குவதில்லை! உலர்ந்த அறையில் தாங்கும் அளவு தண்ணீருக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. யாருக்கும் நிரந்தரமான ‘பத்திர எல்லை’ கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். வலிப்பு வந்தவன் வாயில் ரப்பர்க் கடி நிற்குமா? பல் விலகும், கடி நழுவும், அடுத்த மூச்சு கடல்நீர். வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில் தானே அடங்கிவிடும், அதனால் ஆள் சாக வேண்டியதில்லை. சாகடிப்பது தண்ணீர்தான். முகம் முழுவதும் மூடியிருந்தால் அவன் நினைவிழந்தும் மூச்சு விடுவான், கூட்டாளி மேலே கொண்டுவந்துவிடலாம். முழுமுக முகமூடி என்னும் சங்கதியின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

இதே ஆக்ஸிஜன் வலிப்பைத் தன் உடம்பில் வரவழைத்துக்கொண்டு முதுகெலும்பு நொறுங்கிய ஒரு விஞ்ஞானி, கடைசியில் இந்தியக் குடிமகனாக இறந்தார். தெரியுமா? ஜே.பி.எஸ். ஹால்டேன்! 1939 ஜூனில் தெடிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கி 99 பேர் இறந்தார்கள். ஏன் தப்ப முடியவில்லை என்று கண்டறிய ஹால்டேன் இரும்பு அழுத்த அறைக்குள் தானே புகுந்தார், நண்பர்களும் புகுந்தார்கள். கரியமில வாயு, நைட்ரஜன், ஆக்ஸிஜன், பனிக்கட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் தம் உடம்பிலேயே பார்த்தார்கள். 1957இல் அவர் இந்தியாவுக்கு வந்தார், குடியுரிமை வாங்கினார், 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் கண்மூடினார். செத்த பிறகும் உடம்பைச் சோதனைக்கே கொடுத்தார். காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு. அவருடைய அப்பா ஜே.எஸ். ஹால்டேன் இன்னொரு அதிசயம்: முக்குளிப்பவர் எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று நின்று ஏற வேண்டும் என்ற முதல் அட்டவணையை 1908இல் வெளியிட்டவர். அதற்கு உதவியவை ஆடுகள்!

சரி, ஒரு புது முகமூடி செய்தாகிவிட்டது. அதை எப்படிச் சோதிப்பார்கள்? முதலில் மனிதர் யாரும் கிடையாது. இயந்திரம்! ஒரு பொம்மைத் தலைக்கு முகமூடியை மாட்டி, அழுத்தத் தொட்டிக்குள் வைத்து, பிஸ்டன் ஒன்றால் மூச்சு விடவைப்பார்கள். ஐரோப்பியத் தர நிர்ணயப்படி ஒரு மூச்சுக்கு 2.5 லிட்டர், நிமிடத்துக்கு 25 மூச்சு, ஆக 62.5 லிட்டர். உயிரைக் கொடுத்து நீந்துகிறவன் விடும் மூச்சு அது. 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் இதை ஓட்டி, ஒரு லிட்டர் காற்றை இழுத்துவிட எத்தனை ஜூல் உழைப்பு ஆகிறது என்று அளப்பார்கள். 3 ஜூலைத் தாண்டினால் தோல்வி.

மூச்சு விடுவது உழைப்பா? மேலே நமக்குத் தெரிவதில்லை. 30 மீட்டரில் காற்றின் அடர்த்தி நாலு மடங்கு! எவ்வளவு பலசாலியானாலும் அங்கே அவரால் ஊதி இழுக்க முடிகிற அளவு கரையில் இருப்பதில் பாதிதான். வால்வு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போதும், மூச்சு முழுதாக வெளியேறாது, கரியமில வாயு இரத்தத்தில் தேங்கும், தலை கனக்கும், புத்தி தடுமாறும். அவரோ தனக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

முழுமுக முகமூடிக்கு இதில் கூடுதல் தலைவலி. கண்ணாடிக்குள் இருக்கும் காலி இடம் பெரிது. விட்ட மூச்சு அங்கேயே தங்கி அடுத்த இழுப்பில் திரும்ப உள்ளே போகும். நம் மூச்சுக்குழாயிலேயே சுமார் 150 மில்லிலிட்டர் காற்று ஒவ்வொரு மூச்சிலும் பயன்படாமல் போய்வருகிறது. முகமூடி அதைப் பல மடங்காக்கினால் என்னாகும்? அதனால்தான் உள்ளே இன்னொரு குட்டி முகமூடி வைத்தார்கள். மூக்கையும் வாயையும் மட்டும் கவ்வும் ரப்பர்க் கிண்ணம் அது. புதுக்காற்று முதலில் கண்ணாடியின் மேல் வீசி ஆவி படியாமல் துடைத்துவிட்டு, சிறு வால்வு வழியாகக் கிண்ணத்துக்குள் போகும். விட்ட மூச்சு நேரே வெளியே. ஒரே காற்றுக்கு இரண்டு வேலை! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இந்தக் கிண்ணம்தான்.

காது? ஆழத்துக்குப் போகும்போது மூக்கைப் பிடித்து ஊதினால்தான் காது திறக்கும். முகமே மூடியிருக்கும்போது மூக்கை எப்படிப் பிடிப்பது? கிண்ணத்துக்குள் இரண்டு ரப்பர்க் குமிழ்கள் இருக்கும். முகமூடியைக் கையால் மேல்நோக்கி அழுத்தினால் அவை மூக்குத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அப்போது ஊத வேண்டியதுதான். குமிழ் ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் காது அடைத்து வீரர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே மூக்குக்கு மூக்கு அதை நகர்த்திப் பொருத்தும்படி அமைத்திருக்கிறார்கள்.

தாடி வைத்தவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியக் கடற்படையில் அனுமதி வாங்கித் தாடி வைக்கலாம். ஆனால் ரப்பர் ஓரம் தோலோடு ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் நீர் கசியும். சுவீடன் நாட்டு முகமூடி ஒன்று இதற்குத் தந்திரம் செய்தது: உள்ளே காற்றழுத்தத்தை வெளியிலிருப்பதைவிடத் துளி அதிகமாக வைத்துவிட்டது. இடைவெளி விழுந்தாலும் தண்ணீர் உள்ளே வராது, காற்றுதான் வெளியே போகும்! அமெரிக்கக் கடற்படையும் அந்த வகையை எடுத்துக்கொண்டது. சாக்கடையிலும் எண்ணெய்க் கசிவிலும் இறங்குகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

இன்னும் கேளுங்கள். முழுமுக முகமூடி போட்டால் கடலடியில் பேசலாம்! வாய் சும்மா இருக்கிறதே. கம்பி இல்லாமல், நீருக்குள் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியாகப் பேச்சை அனுப்புவார்கள். அதற்குப் பரவலாகப் பயன்படும் அலைவரிசை ஒன்று, நொடிக்கு 32,768 துடிப்பு. உங்கள் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் துடிப்பதும் நொடிக்கு அதே 32,768 தடவைதான்!

பேச்சு புரிகிறதா என்று சோதிப்பதும் சுவையானது. ஓசை ஒத்த சொற்களைக் கலந்து வாசிப்பார்கள். நம் மொழியில் செய்தால் கல், பல், வில், நெல், சொல் என்று வரும். மறுமுனையில் இருப்பவர் எதைக் கேட்டார் என்று குறிக்க வேண்டும். ‘வெட்டு’ என்பது ‘விட்டு’ என்று கேட்டால் கடலடியில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

இப்படிக் கருவிகளைச் சோதிக்கும் வேலைக்கென்றே அமெரிக்கக் கடற்படை 1927இல் ஒரு பிரிவு தொடங்கியது. இப்போது புளோரிடாவின் பனாமா சிட்டியில் இருக்கிறது. அங்குள்ள அழுத்தத் தொட்டி 685 மீட்டர் ஆழத்தைக் கரையிலேயே உண்டாக்கும்! இயந்திரத்தில் தேறிய முகமூடியை அங்கே மனிதர்கள் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் சைக்கிள் மிதித்துக்கொண்டே மூச்சு விடுவார்கள். அப்புறம்தான் கடல்.

கடைசிச் சோதனை முகமூடிக்கு அல்ல, ஆளுக்கு. பாதி முகமூடியில் நீர் புகுந்தாலும் வாயில் காற்று இருக்கும். முழுமுகம் கழன்றால் பார்வையும் காற்றும் ஒரே நொடியில் போய்விடும்! அதனால் நீருக்கடியில் வேண்டுமென்றே அதைக் கழற்றி, தடவித் தடவி மாற்றுக் குழாயை வாயில் வைத்து, உதிரி முகமூடியை மாட்டி, நீரை ஊதி வெளியேற்றப் பழகுவார்கள். இது கைக்கு வராதவருக்கு முழுமுகம் தரக் கூடாது.

நம் நாட்டில்? கொச்சியில் இந்தியக் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது. மும்பையில் அசுவினி மருத்துவமனை வளாகத்தில் கடற்படை மருத்துவக் கழகம் இருக்கிறது. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி மூழ்கியபோது அதன் உடலைத் தேடி இறங்கியவர்கள் நிஸ்தார் கப்பலின் முக்குளிப்பு வீரர்கள். அதே பெயரில் புது நிஸ்தார், விசாகப்பட்டினத்திலேயே கட்டப்பட்டு, 2025 ஜூலை 18 அன்று கடற்படையில் சேர்ந்தது. 300 மீட்டர் வரை மனிதரை இறக்கும் வசதி அதில் உண்டு. அதற்கு முன்பே, 2011இல், நிரீக்ஷக் கப்பலின் வீரர்கள் 257 மீட்டர் போய்வந்துவிட்டார்கள்!

2018 டிசம்பரை மறக்க முடியாது. மேகாலயாவின் க்சான் எலிவளைச் சுரங்கத்தில் 15 தொழிலாளர்கள் வெள்ளத்தில் சிக்கினார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படையினர் போனார்கள். கந்தகம் கலந்து அமிலமான, கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலக்கரித் தண்ணீர். அங்கெல்லாம் முகத்தில் ஒரு சொட்டுப் படாமல் வேலை செய்ய வேண்டும். சுரங்கத்து மனிதரைக் காப்பாற்றத்தான் ருக்கெய்ரோல் இந்தக் கருவியையே தொடங்கினார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இப்போது காரைக்காலுக்கு வருவோம். நம் கடல் கண்ணாடிக் கடல் இல்லை. அரசலாறும் காவிரியின் மற்றக் கிளைகளும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கடல். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீட்டிய கை தெரியாது. தண்ணீருக்குள் எந்தப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால் பங்கு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். கலங்கலில் அந்தத் தோற்றமும் கிடையாது, தடவல்தான். தரங்கம்பாடி தாண்டிப் பூம்புகார்க் கடலில் 1991இல் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார்கள். அதில் கிடைத்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. அந்தக் கலங்கலில் அதைத் தேடி எடுத்தவர்களின் பொறுமையை என்னவென்று சொல்வது!

இங்கே கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது, வாஞ்சூரில் பெரிய துறைமுகம் இருக்கிறது, மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. படகின் காற்றாடியில் வலை சுற்றினாலும், ஆற்றில் பிள்ளைகள் மூழ்கினாலும், முதலில் குதிக்கிறவர்கள் நம் மீனவ இளைஞர்கள்தான். கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீர்கள் தம்பிகளே! மூக்கு வெளியே இருப்பதால் உள்ளிருக்கும் காற்றை ஈடுகட்ட வழியில்லை. அழுத்தம் கண்ணையே உறிஞ்சி இரத்தம் கட்டவைத்துவிடும். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிக்க கம்ப்ரசர்க் குழாயோடு இறங்குகிற சொந்தக்காரர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்: இன்ஜின் புகை போகும் பக்கத்தில் காற்று இழுக்கும் வாயை வைக்கவே கூடாது. கரையில் தலைவலியோடு போகும் புகை, ஆழத்தில் ஆளைக் கொல்லும்.

புதுச்சேரி அரசுக்கும் ஒரு வேண்டுகோள். காரைக்கால் தீயணைப்பு நிலையத்தில் பேச்சுக் கருவியோடு கூடிய முழுமுக முகமூடி இரண்டு செட்டாவது இருக்க வேண்டும். அதை மாட்டவும் கழற்றவும் கொச்சியில் முறையாகப் பயின்ற நாலு பேர் இருக்க வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பே செய்யுங்கள்.